நாய்க்குக் கொசுவலை கட்டிய மளிகைக் கடை அண்ணாச்சி!

இதயத்தில் புழு, கடன் நோட்டில் கிடைத்த துப்பு, தீபாவளி இரவில் நடந்த போராட்டம்

சென்னை, சூளை-

இரவு மணி 10. சூளையில் உள்ள அந்த மளிகைக் கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்குகிறது. கல்லாவை எண்ணுவதற்கு முன்பு கடைக்காரர் அண்ணாச்சி பின்பக்கக் குடோனுக்குப் போகிறார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நான்கு ஆணிகளில் ஒரு கொசுவலையைக் கட்டுகிறார். வலைக்குள் இரண்டு கோணிச் சாக்கு விரித்திருக்கிறது. அதில் போய்ப் படுப்பது அவருடைய பேரனோ பேத்தியோ அல்ல. மணி என்ற நாய்!

"மனுஷனுக்கே வலை இல்லாத ஊரிலே நாய்க்கு வலையா? அண்ணாச்சிக்குப் பணம் பெருத்துப் போச்சு" என்று தெருவில் கேலி பேசினார்கள். அண்ணாச்சி யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கு ஆள் வராது என்ற பயம் அவருக்கு.

ஏனென்றால் மணியின் இதயத்துக்குள் புழு இருந்தது. ஒரு அடி ஸ்கேல் நீளத்துக்கு வளரும் புழு!

இது பற்றிய விவரம் வருமாறு:-

வீட்டைக் காலி செய்தார்கள், நாயையும்...

கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி வீடு. அதில் குடியிருந்த குடும்பத்தின் தலைவருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். ஊர் ஊராக மாற்றல் ஆகிக் கொண்டே இருக்கும். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடியும் மாற்றல் வந்தது. லாரியில் பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, துளசிச் செடிகூட ஏறியது. நாய் மட்டும் ஏறவில்லை.

லாரி போன திசையில் நாய் தெருமுனை வரை ஓடிற்று. பிறகு திரும்பி வந்து பூட்டிய கேட் முன்னால் உட்கார்ந்து கொண்டது. புதிதாகக் குடி வந்தவர்கள் தண்ணீர் ஊற்றி விரட்டினார்கள். தெருநாய்கள் சேர்ந்து கடித்தன. கடைசியில் அது ஒதுங்கிய இடம்தான் அண்ணாச்சி கடையின் உப்பு மூட்டைப் பக்கம்.

"எனக்கு நாயும் வேண்டாம் பேயும் வேண்டாம்னுதான் இருந்தேன். அரிசிக் கடையிலே நாய் முடி பறந்தா வியாபாரம் ஆகுமா? ரெண்டு தடவை வெரட்டினேன். மூணாம் தடவை கம்பை எடுத்தா, அது ஓடலை. அப்படியே உக்காந்து இருமிச்சு. வயசான மனுசன் இருமுற மாதிரியே இருமல். என் அப்பாரு கடைசிக் காலத்திலே அப்படித்தான் இருமினாரு. கம்பைக் கீழே போட்டுட்டேன்" என்கிறார் அண்ணாச்சி.

பேரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவர் நம்மிடம் பேசினார். அதனால் வெறும் அண்ணாச்சி என்றே எழுதுகிறோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே நிற்கிறது.

மணி என்று பெயர் வைத்தது கடைப் பையன். நாய் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. "வா" என்றாலும் வராது, "உக்காரு" என்றாலும் உட்காராது. செவிட்டு நாய் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் பருப்பு வாங்க வந்த சேட்டு வீட்டு அம்மாள் ஏதோ நினைவில் "பைட்" என்றார். நாய் டக்கென்று உட்கார்ந்தது!

"அடேய், இது இந்தி படிச்ச நாய்டா" என்று கடையே சிரித்தது. இந்தச் சங்கதி எவ்வளவு முக்கியமானது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

தெருவுக்குத் தெரிந்த வைத்தியம்

இருமல் நிற்கவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக் கொண்டது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தொண்டையில் எலும்பு சிக்கி இருக்கும் என்றார் ஒருவர். மஞ்சளும் மிளகும் கொடுங்கள் என்றார் இன்னொருவர்.

நாய் வளர்ப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவர், மாட்டுக்குப் போடுகிற உண்ணி ஊசி மருந்து ஒரு சீசா வாங்கி வந்துவிட்டார். "ஒரே குத்து. உண்ணி, பூச்சி, புழு அத்தனையும் காலி" என்றார். அன்றைக்கு ஊசி சிரிஞ்சு கிடைக்காததால் நாய் தப்பியது. அந்த மருந்தை அளவு தெரியாமல் போட்டிருந்தால் அன்று இரவே மணி செத்திருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் திரியும் குஞ்சுப் புழுக்கள் ஒரே சமயத்தில் செத்தால் நாயின் உடம்பு தாங்காது, அதிர்ச்சியில் சுருண்டு விழும் என்பது டாக்டரின் விளக்கம்.

2024 செப்டம்பரில் ஒருநாள் காலை, கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் புறப்பட்டார் அண்ணாச்சி. 1903-ம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் வட்டாரம். சூளையிலிருந்து கூப்பிடு தூரம். "30 வருசமா அந்த வழியிலே போறேன் வாறேன். உள்ளே போனதே இல்லே. மாட்டுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்தப் பகுதியில் பணி செய்யும் ஒரு கால்நடை டாக்டரிடம் மணியைக் காட்டினார்.

"இது எந்த ஊர் நாய்?"

டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், அண்ணாச்சியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"சிவப்புச் சிவப்பா வட்டம். நடுவிலே ஒண்ணு நெளியுது. பாத்தியளா, எனக்குத் தலை சுத்திட்டுது. உளுந்திலே வண்டு பாத்திருக்கேன், ரவையிலே புழு பாத்திருக்கேன். ரத்தத்திலே புழுவை அன்னைக்குத்தான் பாத்தேன்."

டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி மருந்து பற்றியதோ பணம் பற்றியதோ அல்ல. "இது எந்த ஊர் நாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து நாய்களின் ரத்தத்தில் இப்படி நெளிகிற குஞ்சுப் புழு தெரிந்தால், அது பெரும்பாலும் வேறு ஜாதிப் புழுவாக இருக்கும். ஒன்று தோலுக்கு அடியில் வாழ்வது, கொசு பரப்புவது. இன்னொன்று தெள்ளுப்பூச்சி பரப்புவது. இவற்றால் உயிருக்கு ஆபத்து குறைவு. இதயத்துக்குள் போய்க் குடியிருக்கும் புழு நம் நாட்டில் அதிகம் காணப்படுவது அசாம், மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில்தான். பல ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே நெளிசல்தான். ஆளுக்கு ஆள் வைத்தியம் வேறு. புழுவின் ஜாதி தெரியாமல் மருந்தில் கை வைக்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு மணி எந்த ஊர் என்று தெரியாது. எதிர்வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பர் மட்டும் அவரிடம் இருந்தது. எங்கே? கடன் நோட்டில்!

ரூ.1,860 பாக்கி

அந்தக் குடும்பம் லாரி ஏறும்போது கடையில் ரூ.1,860 பாக்கி. நோட்டில் பெயர், தொகை, நம்பர் மூன்றும் இருந்தன. அண்ணாச்சி போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாள் போட்டார். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கடைப் பையனின் போனிலிருந்து போட்டார். எடுத்தவர், குரலைக் கேட்டதும், "இந்த மாசம் சம்பளம் வந்ததும் அனுப்பிடறேன் அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார்.

"பணம் கெடக்கட்டும் சார். நாயை எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு பதில் வந்தது: "கவுகாத்தியிலே குட்டியா எடுத்தோம். ரெண்டு வருஷம் அங்கே வளர்ந்துது. மாற்றல் ஆனப்போ ரயிலிலே கூட்டிட்டு வந்தோம். ஏன், செத்துப் போச்சா?"

சாகவில்லை என்று சொல்லி அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். இந்தி தெரிந்த நாயின் மர்மமும் அதோடு விலகியது. நோட்டில் அந்த ரூ.1,860-ஐ அன்றைக்கே கோடு போட்டு அடித்துவிட்டதாக அவர் மனைவி நம்மிடம் சொன்னார். அண்ணாச்சி சொல்லவில்லை.

நாய் டிக்கெட் வாங்கி ரயில் ஏறியது. புழு டிக்கெட் இல்லாமல் ஏறியது. அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சை அழித்தபோது, அனாதையான நாய்களைப் பல மாநிலங்களுக்கு ஏற்றிப் போய்ப் புண்ணியவான்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்த நாய்கள் பலவற்றின் இதயத்தில் இந்தப் புழுவும் கூடவே பயணம் போனது.

ஊர் தெரிந்ததும் டாக்டர் வேறு ஒரு பரிசோதனை செய்தார். சிறிய அட்டையில் ரத்தத்தைச் சொட்டினால் கோடு விழும். வளர்ந்த பெண் புழு உடம்பில் இருந்தால்தான் அந்தக் கோடு தெரியும். தெரிந்தது. இதயத்தை ஸ்கேன் செய்தபோது திரையில் பக்கம் பக்கமாக இரண்டு சின்ன வெள்ளைக் கோடுகள் ஆடின.

"நம்ம கணக்கு நோட்டிலே போடுவோமே, சமம்னு ரெண்டு கோடு, அதே மாதிரி இருந்துச்சு. அதுதான் புழுவோட ரெண்டு ஓரம்னாரு டாக்டரு. அப்போதான் எனக்கு வெவரம் உறைச்சுது" என்றார் அண்ணாச்சி.

யானைக்கால் புழுவின் பங்காளி

மணிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் நம்மிடம் கூறியதாவது:-

"யானைக்கால் நோய் பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ராத்திரி நேரத்தில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். ராத்திரிதான் குஞ்சுப் புழு ரத்தத்தின் மேல்பக்கம் வரும். நாயின் இதயப் புழுவும் அதற்குப் பங்காளி முறைதான். இரண்டையும் சுமப்பது கொசு.

நோய் உள்ள நாயைக் கொசு கடித்தால் குஞ்சுப் புழு கொசுவின் வயிற்றுக்குப் போகும். நம் ஊர் மாதிரி வெப்பமான இடத்தில் இரண்டு வாரத்துக்குள் அது அடுத்த நாய்க்குத் தாவத் தயாராகிவிடும். கொசு கடித்த இடத்தின் வழியாக உள்ளே நுழைந்து, தோலுக்கு அடியிலும் தசையிலும் ஊர்ந்து, கடைசியில் நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயிலும் இதயத்தின் வலது அறையிலும் குடியேறும். ஆறு ஏழு மாதத்தில் குட்டி போட ஆரம்பிக்கும். பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வளரும். சேமியா மாதிரி வெள்ளையாக மெல்லிசாக இருக்கும். நாயின் உடம்புக்குள் ஐந்து முதல் ஏழு வருஷம் உயிரோடு இருக்கும்.

ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு இருமல், களைப்பு, மெலிவு. முற்றினால் வயிற்றில் நீர் கோத்துக் கொள்ளும். பலர் அப்போதுதான் கொண்டு வருகிறார்கள்."

மனிதர்களுக்கு வருமா என்று கேட்டோம். சூளையில் எல்லோரும் கேட்ட கேள்வியும் அதுதான்.

"நாயைத் தொட்டால் வராது, நக்கினால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்ட இன்னொரு நாய்க்குக்கூட வராது. நடுவில் கொசு வேண்டும். கொசு மூலமாக எப்போதாவது மனிதன் உடம்பில் புகுந்தாலும் இந்தப் புழுவால் நம்மிடம் வளர்ந்து குட்டி போட முடியாது. மிக அபூர்வமாக நுரையீரலில் காசு அளவுக்கு ஒரு தழும்புக் கட்டி உண்டாகி இருக்கிறது. தோலுக்கு அடியில் வாழும் அந்த இன்னொரு ஜாதிப் புழு கேரளாவில் சில பேரின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அதுவும் கொசு செய்த வேலைதான். ஆகவே நாயை விரட்டிப் பிரயோஜனம் இல்லை, கொசுவை விரட்டுங்கள்" என்றார் டாக்டர்.

ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்தில் இருந்துகொண்டு கொசுவை விரட்டுவது எப்படி என்று கேட்டால் அவர் சிரிக்கிறார். நாமும் சிரித்து வைத்தோம்.

கொசுவலை எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். மணியைக் கொசுவிடமிருந்து காப்பாற்றுவது பாதிக் காரணம். மணியைக் கடித்த கொசு தெருவில் உள்ள மற்ற நாய்களைக் கடித்துவிடக் கூடாது என்பது மீதிப் பாதி.

"பாஷாணமா கொடுக்கப் போறீங்க?"

புழுவைக் கொல்ல மருந்து இல்லாமல் இல்லை. முதுகுத் தசையில் ஆழமாகப் போடுகிற ஊசி ஒன்று உண்டு. மெலார்சோமின் என்று பெயர். அது ஆர்செனிக் சேர்ந்த மருந்து. டாக்டர் இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "ஆர்செனிக்னா பாஷாணம்லா? பாஷாணமா கொடுக்கப் போறீங்க?" என்று எழுந்துவிட்டாராம்.

முறையாகப் போட்டால் வளர்ந்த புழுவை ஒழிக்கச் சிறந்த மருந்து அதுதான் என்று மேல்நாட்டு டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் நினைத்த நேரத்தில் இங்கே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சரக்கு அல்ல அது. ஆகவே டாக்டர் மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தப் புழுவுக்குள்ளே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. வோல்பேக்கியா என்று பெயர். அது செத்தால் புழு மலடாகி, பலம் இழக்கும். அதற்கு டாக்சிசைக்ளின் மாத்திரை, நாலு வாரம், ஒருநாள்கூட விடாமல். கூடவே மாதம் ஒரு தடவை, டாக்டர் எடை போட்டுப் பார்த்துக் கணக்கிட்ட மிகச் சிறிய அளவில் ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் ஓமுரா என்ற விஞ்ஞானி கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. முதலில் ஆடு மாடுகளுக்குத்தான் 1981-ல் விற்பனைக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கும் கேம்பெல் என்பவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டு ஊசி சீசாவில் இருந்ததும் இதே ஜாதி மருந்துதான். அளவு மாறினால் அமிர்தமும் விஷம் என்பார்களே, அதற்கு நோபல் பரிசு வாங்கிய உதாரணம்!

"யானைக்கால் மாத்திரை பரணிலே கெடக்கு, அதைக் கொடுக்கலாமா?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு டாக்டரிடம் நல்ல திட்டு கிடைத்தது. குஞ்சுப் புழு உள்ள நாய்க்கு அந்த மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் நாள் மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்தார்கள். மணி பழத்தைத் தின்று மாத்திரையைத் துப்பியது. கருவாட்டுக்குள் வைத்தார்கள். விழுங்கிவிட்டது. இதைப் பெருமையாகப் போய்ச் சொன்னால், "இதய நோயாளிக்கு உப்புக் கருவாடா?" என்று மறுபடி திட்டு. கடைசியில் உப்பு போடாமல் வேக வைத்த ஈரல் துண்டு கை கொடுத்தது. அதை வேக வைத்தது, நாயை வீட்டுப் பக்கமே சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி.

ஓடக் கூடாது!

மாத்திரை கொடுப்பது சுலபம். கஷ்டமான மருந்து வேறு ஒன்று. அதைக் கடையில் வாங்க முடியாது.

"ஓட விடாதீங்க. குதிக்க விடாதீங்க. மாடி ஏற விடாதீங்க. மற்ற நாயைப் பார்த்துக் குரைக்கக்கூட விடாதீங்க" என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "நாள் இல்லை அண்ணாச்சி, மாசக் கணக்கு. ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்றாராம்.

காரணம் பயங்கரமானது. வயிற்றில் உள்ள புழு செத்தால் வெளியே போய்விடும். இதயத்தில் உள்ள புழு செத்தால் எங்கே போகும்? துண்டு துண்டாக நுரையீரல் ரத்தக் குழாய்களில் போய் அடைக்கும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாய் ஓடினால் இதயம் வேகமாக அடிக்கும், அடைப்பு முற்றும், நின்ற இடத்தில் விழுந்து சாகும். உயிரோடு இருக்கும் புழுவைவிடச் சாகிற புழு பொல்லாதது.

மணிக்கோ மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிற பையன்கள் இரவில் சந்துக்குள் வண்டியைத் திருப்பினால் போதும், காது இரண்டும் நிமிர்ந்துவிடும். நோய் உள்ள நாய்தானே, ஓடாது என்று நினைக்கக் கூடாது. மாத்திரை வேலை செய்யச் செய்ய அதற்குத் தெம்பு வந்தது. தெம்பு வர வர ஆபத்தும் கூடியது!

கடையின் எண்ணெய் டின் அடுக்கும் மூலையைக் காலி செய்து, பலகை அடித்து, ஆறு அடிக்கு நாலு அடியில் ஒரு தடுப்பு கட்டினார்கள். காலையிலும் மாலையிலும் கயிற்றோடு பத்து நிமிஷம். அதுவும் ஊர்வலம் போகிற வேகத்தில். மற்ற நேரம் தடுப்புக்குள். கடைப் பையன் சேட்டு வீட்டு அம்மாளிடம் நாலு இந்தி வார்த்தை கற்றுக் கொண்டான். வண்டிச் சத்தம் கேட்டால் "பைட்" என்பான். மணி உட்காரும்.

"ஊளையிடும் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு. அவுத்து விடுன்னு கேக்கும். காப்பாத்தணும்னு கூட்டிட்டு வந்து ஜெயில்லே போட்ட மாதிரி ஆயிட்டுதேன்னு எனக்கு வயிறு எரியும். அவுத்து விட்டா சந்தோசமா ஓடும், செத்துப் போவும். அவுத்து விடலைன்னா என்னைப் பகையாளியா பாக்குது. நான் என்ன செய்ய?" என்கிறார் அண்ணாச்சி.

இதற்கிடையில் சங்கதி எப்படியோ வெளியே கசிந்தது. "அண்ணாச்சி கடையிலே புழு நாய் இருக்காம்" என்று பேச்சு. இரண்டு வீட்டில் மாதச் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒரு வீடு திரும்பி வந்துவிட்டது. இன்னொரு வீடு இன்றுவரை வரவில்லை.

தீபாவளி வந்தது

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை தீபாவளி. முந்தின நாள் புதன்கிழமை. மளிகைக் கடைக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். எண்ணெய், மைதா, சர்க்கரை, ஏலக்காய் என்று இரவு ஒரு மணி வரை கை ஓயாது.

அன்று இரவு 7 மணிக்கே சந்தில் அணுகுண்டு வெடிக்க ஆரம்பித்தது. பட்டாசு வெடிக்கச் சர்க்கார் ஒதுக்கிய நேரம் தீபாவளியன்று காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம்தான். அதைச் சூளையில் யார் பார்த்தார்கள்?

முதல் வெடிக்கு மணி தடுப்பைத் தாண்டப் பார்த்தது. இரண்டாவது வெடிக்குப் பலகையைப் பிறாண்டியது. மூச்சு வாங்கி, நாக்கு வெளியே தொங்கியது. கடையில் இருபது பேர் நிற்கிறார்கள். அண்ணாச்சி தராசை விட்டுவிட்டுக் குடோனுக்குள் போய், கதவைச் சாத்திக் கொண்டார். வெளியே மனைவியும் பையனும் கூட்டத்தைச் சமாளித்தார்கள். "அண்ணாச்சி எங்கே?" என்று கேட்டவர்களுக்கு "சாமான் எடுக்கப் போயிருக்கார்" என்று பதில் சொன்னார்கள். மூன்று மணி நேரமா சாமான் எடுப்பார்!

உள்ளே பழைய டேபிள் ஃபேனை முழு வேகத்தில் சுழல விட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, ஜன்னலில் கோணிச் சாக்கை அடைத்து, மணியின் தலையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அண்ணாச்சி. "என் தொடையிலே அதோட இதயம் அடிக்கிறது தெரியுது. டமாரம் மாதிரி. அதுக்குள்ளே அந்தச் சனியன் வேற செத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

விடியற்காலை 4 மணிக்கு எல்லா வீட்டிலும் கங்கா ஸ்நானம். வெடிச் சத்தம் உச்சத்துக்குப் போனது. மணி இருமியது. சாக்கில் சிவப்பாக ஒரு பொட்டு. ரத்தம்!

அண்ணாச்சி டாக்டருக்குப் போன் செய்தார். தீபாவளி விடியலில் போன் எடுத்த டாக்டரைப் பாராட்ட வேண்டும். வீக்கத்துக்கு என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்த மாத்திரையை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொன்னார். நடக்க விடாதீர்கள், விடிந்ததும் படுத்தபடியே கொண்டு வாருங்கள் என்றார்.

அதே நேரத்தில் கடைப் பையன் ஒரு காரியம் செய்தான். யாரும் சொல்லித் தரவில்லை. கடைக்குள் போய், விற்பனைக்கு வைத்திருந்த மத்தாப்பு, சங்கு சக்கரம், பூச்சட்டிப் பெட்டிகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டு சந்துப் பிள்ளைகளிடம் போனான். "அணுகுண்டைக் கொடு, இதை வெச்சுக்கோ. உள்ளே நாய்க்கு நெஞ்சு வலி" என்றான். பிள்ளைகள் மாற்றிக் கொண்டார்கள். பெரியவர்கள் சிலர் முறைத்தார்கள். ஆனாலும் அந்த ஒரு சந்தில் மட்டும் சத்தம் நின்றது. பக்கத்துத் தெருவில் நிற்கவில்லை. அது தூரத்துச் சத்தம்தானே.

பொழுது விடிந்தபோது மணி அண்ணாச்சி மடியிலேயே தூங்கிக் கொண்டிருந்தது. வியாபாரத்தில் அன்றைக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டோம். "அதெல்லாம் கணக்குப் பாக்கலை" என்றார். கடைக்காரர் கணக்குப் பார்க்கவில்லை என்றால் நாம் நம்ப வேண்டுமாம்!

கோடு விழவில்லை

2025 மார்ச்சில் அட்டைப் பரிசோதனை செய்தார்கள். கோடு விழுந்தது. புழு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதச் சிறைவாசம் வீண் என்று வீட்டில் எல்லோருக்கும் முகம் தொங்கிப் போனது. அப்படி இல்லை, குஞ்சுப் புழு ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை, இனிக் கொசு மூலம் தெருவுக்குப் பரவாது, பெரிய புழு ஒழியக் காலம் ஆகும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். மறுபடி தடுப்பு, கயிறு, மாதாந்திர மருந்து.

2025 அக்டோபரில் மறுபடி அட்டை. அண்ணாச்சி, மனைவி, கடைப் பையன் மூன்று பேரும் கடைக்கு அரை நாள் லீவு விட்டுப் போனார்கள். பத்து நிமிஷம் அட்டையையே பார்த்துக் கொண்டிருந்தார்களாம். கோடு விழவில்லை.

அந்த மாதம் வந்த தீபாவளிக்கும் குடோனில் ஃபேனும் ரேடியோவும் ஓடின. இன்னும் ஒரு தடவை பரிசோதனை பார்த்துவிட வேண்டும் என்றும், மாதாந்திர மருந்தை ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது என்றும் டாக்டர் கூறி இருக்கிறார். ஒருதடவை வந்து குணமானால் மறுபடி வராது என்பதற்கு இந்த நோயில் உத்தரவாதம் கிடையாது. புதுக் கொசு கடித்தால் புதுப் புழு.

வெளியூரிலிருந்து, அதிலும் வடகிழக்குப் பக்கத்திலிருந்து நாயைக் கொண்டு வருபவர்களும், அப்படி வந்து அனாதையான நாயை எடுத்து வளர்ப்பவர்களும் வெறிநாய்க்கடி தடுப்பூசியோடு இந்த ரத்தப் பரிசோதனையையும் செய்து கொள்வது நல்லது என்கிறார் டாக்டர். புதிதாகத் தொற்றிய புழு அட்டையில் தெரிய ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே முதல் தடவை கோடு விழாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். மாதாந்திர மருந்தையும் கடையில் கேட்டு வாங்கித் தாங்களாகவே கொடுக்கக் கூடாது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

நாம் போயிருந்த அன்று மாலை மணி கடை வாசலில் படுத்திருந்தது. விலா எலும்பு தெரியவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. காது நிமிர்ந்தது, எழுந்தது, அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது.

"டாக்டரு கொஞ்சம் ஓட விடலாம்னுட்டாரு. எனக்குத்தான் கயித்தை விட மனசு வரலை" என்றார் அவர்.

பேசிக் கொண்டே இருந்ததில் மணி 10 ஆகிவிட்டது. ஷட்டர் இறங்கியது. நாய் தானாக எழுந்து குடோனுக்குள் போயிற்று. வலையில் மூன்று மூலை கட்டி முடிந்திருந்தது. நாலாவது ஆணியைப் பார்த்துக் கொண்டு, யாராவது வந்து கட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தது.